வட்டி எவ்வளவு என்பதல்ல, கைக்கு எவ்வளவு என்பதே கேள்வி



ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் போகிறவர்கள் இரண்டு எண்களைப் பார்க்காமல் வர முடியாது. ஒன்று, பணமாற்றுக் கடையின் பலகையில் இருப்பது. ஒரு வெள்ளிக்கு இன்று எத்தனை ரூபாய் என்று அது சொல்லும். மற்றொன்று, வங்கி விளம்பரத்தில் இருப்பது. இந்தக் கணக்கில் பணம் போட்டால் இத்தனை விழுக்காடு வட்டி என்று அது சொல்லும். சம்பளம் வந்த வாரம் என்றால் இரண்டையும் மக்கள் நின்று பார்க்கிறார்கள். எது அதிகமோ அந்தப் பக்கம் கால் நடக்கிறது.

“எந்த பேங்க்ல வட்டி அதிகம்?” என்பதுதான் சேமிப்பைப் பற்றி எங்கு பேச்சு எழுந்தாலும் முதலில் வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. விளம்பரத்தில் இருக்கும் வட்டிக்கும் கடைசியில் கைக்கு வரும் பணத்துக்கும் நடுவில் நான்கு வாசல்கள் இருக்கின்றன. கணக்கின் நிபந்தனை ஒரு வாசல். மாறிக்கொண்டே இருக்கும் வட்டி விகிதம் இன்னொன்று. வரி மூன்றாவது. நாணய மதிப்பு நான்காவது. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் பணம் கழிந்துபோகும். எங்கே எவ்வளவு கழிகிறது என்று தெரிந்தவருக்குச் சேமிப்பு வளரும். தெரியாதவருக்கு உழைப்பு மட்டும்தான் வளரும்.

<b>அணில் சேர்த்த கதை</b>

சிங்கப்பூரில் சிறுசேமிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது 1877ஆம் ஆண்டில். 1972இல் அது தனிக் கழகமாயிற்று. 1998இல் டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தது. இன்றும் பிஓஎஸ்பி என்றால் தெரியாதவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேமிப்பு முத்திரைகளை வாங்கி அட்டையில் ஒட்டியதை இன்றைய தாத்தா பாட்டிகள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வங்கியின் சின்னமான அணிலும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்நியமானது அல்ல. பாலம் கட்ட மணல் சுமந்த அணிலின் கதை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே!

அணில் செய்வதுதான் ஒழுங்கான சேமிப்பு. மாதந்தோறும் ஒரு தொகை. சம்பளம் வந்த உடனே எடுத்து வைப்பது. மிச்சத்தில் செலவு செய்வது. செலவு போக மிச்சத்தைச் சேமிப்பவரிடம் பெரும்பாலும் மிச்சமே இருப்பதில்லை.

இப்படி மாதாமாதம் போடுவோரில் பலருக்கு முதல் ஆண்டு முடிவில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. மாதம் 500 வெள்ளி, ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் போட்டது 6,000 வெள்ளி. மூன்று விழுக்காடு என்றால் 180 வெள்ளி வரவேண்டும் என்று மனம் கணக்குப் போடும். வருவதோ ஏறத்தாழ 97 வெள்ளி 50 காசுதான். வங்கி ஏமாற்றிவிட்டது என்று கோபம் வரும்.

வங்கி ஏமாற்றவில்லை. முதல் மாதம் போட்ட 500 வெள்ளி மட்டுமே 12 மாதமும் வங்கியில் இருந்தது. இரண்டாம் மாதப் பணம் 11 மாதம். கடைசி மாதப் பணம் ஒரே ஒரு மாதம். ஆக, சராசரியாகப் பாதி ஆண்டுதான் பணம் வேலை செய்திருக்கிறது. அதனால் வட்டியும் ஏறத்தாழப் பாதி. ஊரில் ஆர்.டி. என்று சொல்லும் தொடர் வைப்புக்கும் இதே கணக்குதான். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் ஆண்டிலேயே கணக்கை மூடிவிடுகிறவர் உண்டு. மூடாமல் தொடர்ந்தால், முதல் ஆண்டில் சேர்ந்த 6,000 வெள்ளியும் இரண்டாம் ஆண்டு முழுவதும் வட்டி ஈட்டும்.

<b>முதல் வாசல்: நிபந்தனை</b>

இங்குள்ள பெரிய வங்கிகளின் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அடிப்படை வட்டி ஆண்டுக்கு 0.05 விழுக்காடு என்ற அளவில்தான் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆயிரம் வெள்ளி ஓராண்டு இருந்தால் 50 காசு. ஒரு கோப்பி கூட வாங்க முடியாது.

இதைவிட முக்கியமானது குறைந்தபட்ச இருப்பு. பிஓஎஸ்பி சாதாரணச் சேமிப்புக் கணக்கில் மாதச் சராசரி இருப்பு 500 வெள்ளிக்குக் குறைந்தால் மாதம் 2 வெள்ளி கட்டணம் என்பது வழக்கமான விதி. 400 வெள்ளி வைத்திருப்பவருக்கு ஓராண்டு வட்டி 20 காசு. அவர் கட்டக்கூடிய கட்டணம் 24 வெள்ளி. சேமிக்கப் போன இடத்தில் பணம் தேய்கிறது. மாணவர்கள், முதியவர்கள், சில வகைச் சம்பளக் கணக்குகள் என விலக்குகள் உண்டு. தன் கணக்குக்கு விலக்கு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். இரண்டு மூன்று வங்கிகளில் சில்லறையாகச் சிதறிக் கிடக்கும் பணத்தை ஒரே கணக்கில் சேர்த்தாலே ஆண்டுக்கு 24 வெள்ளி, 48 வெள்ளி மிச்சமாகும். இதற்கு எந்த முதலீட்டு அறிவும் தேவையில்லை.

அடுத்து, கூடுதல் வட்டி தரும் கணக்குகள். சம்பளம் இந்தக் கணக்கில் வரவேண்டும், கடன் அட்டையில் மாதம் இத்தனை வெள்ளி செலவழிக்க வேண்டும், இருப்பு குறையக்கூடாது, காப்புறுதி எடுத்தால் இன்னும் கூடுதல் என்று படிப்படியாக வட்டி ஏறும். விளம்பரத்தில் பெரிதாக இருப்பது மேல் படியின் வட்டி. எல்லாப் பணத்துக்கும் அந்த வட்டி கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் 50,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட 50,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு என்று ஒரு கணக்கு. விளம்பரம் “4 விழுக்காடு வரை” என்று சொல்லும். அந்த “வரை” என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். 60,000 வெள்ளி வைத்திருப்பவருக்குக் கிடைப்பது 500, கூட்டல் 400, ஆக 900 வெள்ளி. அதாவது 1.5 விழுக்காடு. 20,000 வெள்ளி வைத்திருப்பவருக்கு 1 விழுக்காடுதான். வங்கி ஊழியரிடம் கேட்க வேண்டியது, “என்னிடம் இருக்கும் தொகைக்கு, நான் செய்யக்கூடிய நிபந்தனைகளோடு, ஓராண்டில் எத்தனை வெள்ளி வரும்?” என்பதுதான். விழுக்காட்டில் பதில் வந்தால் வெள்ளியில் சொல்லும்படி மறுபடியும் கேட்கத் தயங்கவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. வட்டிக்காக மாதம் 500 வெள்ளி அட்டையில் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை, வழக்கமாக 300 வெள்ளி செலவழிப்பவரை 200 வெள்ளிக்குத் தேவையில்லாத பொருள் வாங்கவைக்கும். 20 வெள்ளி வட்டிக்காக 200 வெள்ளிக்குச் சட்டையும் செருப்பும் வாங்குவது சேமிப்பல்ல.

<b>இரண்டாம் வாசல்: மாறும் வட்டி</b>

“போன வருஷம் இவ்வளவு தந்தாங்க, இந்த வருஷம் ஏன் குறைச்சிட்டாங்க?” என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இதற்கான விடை பெரும்பாலும் சிங்கப்பூருக்கு வெளியே இருக்கிறது.

பல நாடுகளில் மத்திய வங்கி வட்டி விகிதத்தை நேரடியாக முடிவு செய்கிறது. இங்கே அப்படி இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வெள்ளியின் மாற்று விகிதத்தை நிர்வகித்தே விலைவாசியைக் கட்டுக்குள் வைக்கிறது. பணம் தடையின்றி வந்துபோகும் நகரம் இது. அதனால் இங்குள்ள வட்டி, உலக வட்டியை, குறிப்பாக அமெரிக்க வட்டியைப் பின்தொடர்ந்தே போகும். 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த விகிதம் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 விழுக்காடு என்ற அளவைத் தொட்டது. 2024 செப்டம்பரில் இறங்கத் தொடங்கியது.

அதே ஏற்ற இறக்கம் இங்கேயும் தெரிந்தது. அரசாங்கத்தின் 6 மாதக் கருவூலப் பத்திரம் 2022 டிசம்பரில் 4.4 விழுக்காடு வரை தந்தது. 2025இன் பிற்பகுதியில் அது 1.5 விழுக்காட்டுக்கு அருகில் வந்துவிட்டது. வங்கிகளின் நிரந்தர வைப்பு வட்டியும், கூடுதல் வட்டிக் கணக்குகளின் வட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தன.

இதிலிருந்து சேமிப்பாளர் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, சேமிப்புக் கணக்கின் வட்டி ஒரு வாக்குறுதி அல்ல. அறிவித்துவிட்டு வங்கி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நிரந்தர வைப்பின் வட்டியோ முதிர்வு நாள் வரை மாறாது. வட்டி இறங்கும் காலத்தில் பணத்தைக் கட்டிவைப்பவருக்கு ஆதாயம். ஏறும் காலத்தில் காத்திருப்பவருக்கு ஆதாயம். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று நிபுணர்களுக்கே உறுதியாகத் தெரியாது. ஆகவே பணத்தைப் பிரித்து 6 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று படிகளாகப் போடுவது நல்லது. ஒவ்வொரு படியும் முதிரும்போது அன்றைய வட்டியைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

இரண்டாவது, முதிர்வு நாளை நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். சலுகை வட்டியில் போட்ட வைப்பு, முதிர்ந்தபின் தானாகப் புதுப்பிக்கப்படும்போது சலுகை இல்லாத சாதாரண வட்டிக்கு இறங்கிவிடக்கூடும். கவனிக்காதவரின் பணம் ஓராண்டு தூங்கும்.

மூன்றாவது, நீண்டகாலத்துக்கு வட்டியைக் கட்டிவைக்கவும் வழி இருக்கிறது. 2015இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரங்களைக் குறைந்தது 500 வெள்ளிக்கு வாங்கலாம். பத்தாண்டுகளுக்கான வட்டி வாங்கும் நாளிலேயே நிர்ணயமாகிவிடும். அவசரம் என்றால் எந்த மாதமும் அபராதமின்றித் திரும்பப் பெறலாம். விண்ணப்பத்துக்கும் மீட்புக்கும் 2 வெள்ளி கட்டணம் மட்டுமே. 2022 டிசம்பரில் வெளியான பத்திரத்தைப் பத்தாண்டு வைத்திருந்தால் சராசரி வட்டி 3.47 விழுக்காடு. அன்று வாங்கி வைத்தவர், வெளியில் வட்டி இறங்கினாலும் கவலைப்படவேண்டியதில்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டவரும்கூட, 18 வயதாகி, உள்ளூர் வங்கிக் கணக்கும் மத்திய வைப்பகக் கணக்கும் இருந்தால் வாங்கலாம்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இன்னொரு நங்கூரம் இருக்கிறது. 1955இல் தொடங்கிய மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்குக்குச் சட்டப்படி குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி. சிறப்புக் கணக்கு, மெடிசேவ், ஓய்வுக்காலக் கணக்கு ஆகியவற்றுக்குக் குறைந்தது 4 விழுக்காடு என்று 2026 இறுதிவரை அரசாங்கம் உறுதியளித்தது. வங்கி வட்டி 0.05 விழுக்காடாகக் கிடந்த காலத்திலும் இது இறங்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. எனவே அவசரத் தேவைக்கான பணம் வேறு, முதுமைக்கான பணம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

<b>மூன்றாம் வாசல்: வரி</b>

வரி விஷயத்தில் சிங்கப்பூரில் சேமிப்பவர் கொடுத்துவைத்தவர். இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட வங்கிகளிலும் உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களிலும் தனிமனிதர் போடும் வைப்புக்குக் கிடைக்கும் வட்டிக்கு வருமான வரி கிடையாது. மத்திய சேம நிதி வட்டிக்கும் இல்லை. சேமிப்புப் பத்திர வட்டிக்கும் இல்லை. ஆனால் நண்பருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ கடன் கொடுத்து வட்டி வாங்கினால், அது வரிக்குரிய வருமானம். அதை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் காட்டத்தான் வேண்டும்.

சிக்கல் கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்களில் பலர், ஊரில் வேலை பார்த்த காலத்திலோ படித்த காலத்திலோ தொடங்கிய பழைய வங்கிக் கணக்கையே வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பணமும் சிங்கப்பூர்ப் பணமும் அதிலேயே சேர்கின்றன. வேலைக்காக வெளிநாடு வந்தவர், இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர். உள்ளூர்வாசிக்கான சேமிப்புக் கணக்கை அவர் அப்படியே தொடரக்கூடாது, என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. என்ற தனிக் கணக்கு இருக்கிறது.

ஓர் எழுத்துதான் வேறுபாடு. வரியிலோ பெரிய வேறுபாடு.

என்.ஆர்.இ. கணக்கில் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டுமே போடலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் சிங்கப்பூருக்குத் திரும்பக் கொண்டுவரலாம். என்.ஆர்.ஓ. கணக்கு இந்தியாவில் வரும் வருமானத்துக்கானது: வீட்டு வாடகை, நிலக் குத்தகை, பழைய வைப்பு போன்றவை. அதன் வட்டிக்கு வரி உண்டு. அந்த வரியை வங்கியே 30 விழுக்காடு வீதம் பிடித்துக்கொள்ளும். 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்ந்தால் 31.2 விழுக்காடு. உள்ளூர்வாசிகளுக்கு ஒரு வரம்பு வரை வட்டியில் பிடித்தம் இல்லை. என்.ஆர்.ஓ. கணக்குக்கு அந்த வரம்பு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு. வட்டி 7 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டி 35,000 ரூபாய். என்.ஆர்.ஓ. கணக்கில் வரி 10,920 ரூபாய். கையில் நிற்பது 24,080 ரூபாய். அதாவது 7 விழுக்காடு என்று சொன்னது உண்மையில் 4.8 விழுக்காடு. அதே பணம் இங்கிருந்து முறையாக அனுப்பப்பட்டு என்.ஆர்.இ. வைப்பில் இருந்தால் 35,000 ரூபாயும் கைக்கு வரும்.

என்.ஆர்.ஓ. பணத்துக்கும் சுமையைக் குறைக்க வழி இருக்கிறது. இந்தியாவும் சிங்கப்பூரும் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாடு செய்திருக்கின்றன. அதன்படி வட்டிக்கு இந்தியாவில் வரி 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. சிங்கப்பூரில் வரி வசிப்பாளராக இருப்பவர், உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வசிப்பிடச் சான்றிதழ் பெற்று, இந்திய வங்கி கேட்கும் படிவத்தோடு கொடுக்கவேண்டும். மேலே சொன்ன 35,000 ரூபாய்க்கு வரி 5,250 ரூபாயாகக் குறையும்.

அதையும் கொடுக்கவேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. இந்தியாவில் அவருடைய மொத்த வருமானம் அந்த ஆண்டின் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால், அங்கே வருமான வரி அறிக்கை தாக்கல் செய்து பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் அந்த வரம்பு 4 லட்சம் ரூபாய். ஊரில் வட்டியைத் தவிர வேறு வருமானம் இல்லாத தொழிலாளர் எத்தனையோ பேர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். வங்கி பிடித்தது பிடித்ததுதான் என்று விட்டுவிடுகிறவருக்கு அந்தப் பணம் வராது. கேட்பவருக்குத்தான் வரும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. என்.ஆர்.இ. நிரந்தர வைப்பை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. நிரந்தரமாக ஊர் திரும்பியதும் கணக்கின் தகுதியை மாற்றவேண்டும். அதன்பிறகு வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. உண்டியல் வழியாகப் போகும் பணம் என்.ஆர்.இ. கணக்குக்குள் நுழையவே முடியாது. அங்கே இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது என்று மகிழ்கிறவர், வரிவிலக்கையும் பணம் வந்த வழிக்கான சான்றையும் சேர்த்தே இழக்கிறார். நாளை ஒரு மனை வாங்கும்போது “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்காது.

இந்திய வட்டியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் இங்கே வரி கட்டவேண்டுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. 2004 முதல் தனிமனிதர் இங்கே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக வரி இல்லை.

<b>நான்காம் வாசல்: நாணயம்</b>

தங்கும் விடுதியில் அறைத் தோழர் சொல்வார், “அண்ணே, ஊர் பேங்க்ல ஏழு பர்சன்ட் தர்றாங்க. இங்க என்ன இருக்கு? ஒண்ணு, ஒண்ணரை. எல்லாத்தையும் அங்க போடுங்க!” கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஏழையும் ஒன்றரையையும் இப்படி ஒப்பிடக்கூடாது. ஒன்று ரூபாயில், மற்றொன்று வெள்ளியில்.

2005இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 26 ரூபாய். 2025இன் பிற்பகுதியில் அது 65 ரூபாயைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளில் வெள்ளியின் ரூபாய் மதிப்பு இரண்டரை மடங்கு. ஆண்டுக்குச் சராசரியாக 4.7 விழுக்காடு. வேறு மாதிரிச் சொன்னால், வட்டியே இல்லாத பெட்டியில் வெள்ளியைப் பூட்டிவைத்திருந்தவருக்குக்கூட ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு 4.7 விழுக்காடு ஏறியிருக்கிறது. அப்படியானால் ரூபாயில் 7 விழுக்காடு வாங்கியவருக்கு வெள்ளிக் கணக்கில் கிடைத்த ஆதாயம் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். அந்த 7 விழுக்காட்டிலும் என்.ஆர்.ஓ. வரி போயிருந்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

கடந்தது போலவே இனியும் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நல்ல விதி உண்டு: செலவு எந்த நாணயத்திலோ, சேமிப்பும் அந்த நாணயத்தில். இரண்டு ஆண்டில் ஊரில் வீடு கட்டப் போகிறவர் ரூபாயில் வைப்பது சரியே. பிள்ளைகள் இங்கே படிக்கும் குடும்பம், படிப்புப் பணத்தை ரூபாயில் வைப்பது சரியல்ல. எதிர்காலம் இங்கா, அங்கா என்று முடிவாகாதவர்கள் இரண்டிலும் பிரித்து வைக்கலாம். இந்திய வங்கியில் வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் எஃப்.சி.என்.ஆர். வைப்பும் இருக்கிறது. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை போடலாம். ரூபாய் சரிந்தாலும் அசல் சரியாது. வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை வட்டிக்கு அங்கே வரியும் இல்லை.

<b>அசல் பத்திரமா?</b>

இவ்வளவு வட்டிக் கணக்கும் அசல் பத்திரமாக இருந்தால்தான் பொருள்படும். இங்குள்ள உறுப்பு வங்கி அல்லது நிதி நிறுவனம் நொடித்துப்போனால், ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி உண்டு. 2024 ஏப்ரலில்தான் இது 75,000 வெள்ளியிலிருந்து உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும் வைப்புக்கு இந்தக் காப்பு இல்லை. இந்தியாவில் காப்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை.

சீட்டுக்கும், “மாதம் 3 விழுக்காடு தருகிறேன்” என்று நண்பர் ஒருவர் வாங்கிச் செல்லும் பணத்துக்கும் எந்தக் காப்பும் இல்லை. 1973இல் ஜெமினி சீட்டு நிறுவனம் சரிந்தபோது சிங்கப்பூரில் எத்தனையோ எளிய குடும்பங்களின் சேமிப்பு கரைந்துபோனது. அதன் பெயரை இன்றைய இளையர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதே ஆசை இன்று கைத்தொலைபேசிச் செய்தியாக வருகிறது. வங்கி தரும் வட்டியைவிடப் பல மடங்கு தருகிறேன் என்று சொல்பவரின் கண் அசலின் மீதுதான் இருக்கிறது.

<b>ஐம்பது வெள்ளியின் பலம்</b>

மாதம் 200 வெள்ளி வீதம் ஐந்தாண்டு சேமிப்பவர் போடுவது 12,000 வெள்ளி. ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டி என்றால் ஏறத்தாழ 609 வெள்ளி வட்டி சேரும். 3 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 929 வெள்ளி. ஒரு விழுக்காடு கூடுதல் வட்டிக்காக ஐந்தாண்டு அலைந்ததன் பலன் 320 வெள்ளி. வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அலையாமல், மாதம் 50 வெள்ளி மட்டும் கூடுதலாகப் போட்டவரிடம் 3,000 வெள்ளி கூடுதலாக இருக்கும். சேமிப்பு சிறிதாக இருக்கும் காலத்தில் வட்டியைவிடப் பழக்கத்துக்கே பலம் அதிகம். சேமிப்பு பெரிதான பிறகுதான் ஒவ்வொரு விழுக்காடும் பேசும்.

இதில் இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் இங்கே உழைத்து, வந்த சம்பளத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டு, திரும்பிப் போகும் நாளில் தன் பெயரில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, வீட்டுக் கூரை என்று எல்லாச் செலவும் நியாயமானவைதான். குடும்பத்துக்குச் செய்வதில் குறையில்லை. ஆனால் மாதம் அனுப்பும் 800 வெள்ளியில் 100 வெள்ளி தன் பெயரிலுள்ள என்.ஆர்.இ. கணக்குக்குத் தனியாகப் போகட்டும். அது தன்னலம் அல்ல. உழைக்க முடியாத நாளில் பிள்ளையிடமும் தம்பியிடமும் கை நீட்டாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. வீட்டுப் பணிப்பெண்களாக வேலை செய்யும் அக்கா தங்கைகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். என் தொகைக்கு ஓராண்டில் எத்தனை வெள்ளி வரும்? இந்த வட்டி எந்த நாள் வரை மாறாது? இதற்கு வரி எங்கே, எவ்வளவு? பணத்தைச் செலவழிக்கும் நாளில் எந்த நாணயம் தேவை? அசலுக்கு யார் பொறுப்பு? இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் தருகிற கணக்கே நல்ல கணக்கு, விளம்பரத்தில் அதன் எழுத்து சிறிதாக இருந்தாலும்.

வட்டி ஏறும், இறங்கும். சம்பள நாளன்று முதலில் எடுத்துவைக்கும் அந்தத் தொகை மட்டும் இறங்காமல் இருக்கட்டும்.